பைசாந்திய ஆலயப் பாத்திரங்களைப் பார்ப்பது எப்படி? அடிமுத்திரை முதல் திருவுருவம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் ஆலயங்களில் புழங்கிய, வழிபாட்டில் திராட்சை இரசம் ஊற்றும் ஒரு திருக்கிண்ணத்தையோ அப்பம் வைக்கும் அப்பத்தட்டையோ பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?’ என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இந்தப் பாத்திரங்களில் இருக்கும் மறைபொருள் எல்லாம் அவை செய்த வேலையிலிருந்து பிறந்தது. அப்பத்தின் மேல் துணி படாமல் காக்க வேண்டும், ஈயை விரட்ட வேண்டும், நெருப்பைத் தாங்க வேண்டும், எண்ணெயை எரிக்க வேண்டும். முதலில் வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்த பொருளுக்குள் திருச்சபை தன் இறையியலை ஏற்றியது. ஆகவே கைவேலை, பயன்பாடு, எழுத்து, உருவம் என்ற வரிசையில் பார்த்தால் பாத்திரம் தானாகவே பேசத் தொடங்கும்.

கையில் ஓர் உதாரணம் இருந்தால் பேச வசதியாக இருக்கும். வாஷிங்டனில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் தொகுப்பில் ‘ரிஹா அப்பத்தட்டு’ என்று ஒரு வெள்ளித் தட்டு இருக்கிறது. அகலம் 35 செ.மீ. பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் ஆட்சியில், 565க்கும் 578க்கும் இடையில் செய்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட சிரியாவில் கிடைத்த, இன்று ‘காப்பர் கொராயோன் புதையல்’ என்று சொல்லப்படும் பெரிய வெள்ளிக் குவியலைச் சேர்ந்தது. அந்தப் புதையலில் 50க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. இன்று அவை பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. தட்டின் படம் இணையத்தில் கிடைக்கும். பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: கவிழ்த்துப் பாருங்கள்

அருங்காட்சியகத்தில் பொருளைத் தொட விடமாட்டார்கள். ஆனால் பல அருங்காட்சியகங்கள் பின்பக்கப் படத்தையும் வலைதளத்தில் போட்டிருக்கின்றன. முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

பேரரசர் முதலாம் அனஸ்தேசியஸ் (491–518) காலத்திலிருந்து இரண்டாம் கான்ஸ்டன்ஸ் (641–668) காலம் வரை அரசின் மேற்பார்வையில் வெள்ளிக்கு முத்திரை குத்தும் வழக்கம் இருந்தது. வழக்கமாக ஐந்து முத்திரைகள். வட்டம், அறுகோணம், சதுரம், சிலுவை என்று அவற்றின் வடிவம் வேறுபடும். உள்ளே பேரரசரின் மார்பளவு உருவம், அவர் பெயரின் கூட்டெழுத்து, கருவூல அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். அதிகாரிகள் அடிக்கடி மாறியதால், பேரரசர் பெயரையும் அதிகாரி பெயரையும் சேர்த்துப் பார்த்துச் சில பாத்திரங்களின் காலத்தை ஓரிரு ஆண்டு வரை நெருங்கிச் சொல்லிவிட முடிகிறது. இடைக்காலக் கலையில் இந்த வசதி மிக அரிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல தட்டுகளில் உளிவேலை முத்திரையின் மேலேறி அதைச் சிதைத்திருக்கும். அப்படியானால் முத்திரை குத்தியது வேலை முடிவதற்கு முன்பே. அரசு உத்தரவாதம் தந்தது வெள்ளிக்கு, படத்துக்கு அல்ல. இந்தக் காலத்து வெள்ளி பெரும்பாலும் 92 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையானது. கோயிலுக்குக் கொடுக்கும் வெள்ளியில் கலப்படம் இல்லை என்பதற்கு அரசே சாட்சி நின்றது என்று சொல்லலாம்.

இரண்டாம் படி: கையைத் தேடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது.

தட்டு ஒரு வெள்ளிக் கட்டியிலிருந்து தொடங்குகிறது. பட்டடையில் வைத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றிச் சுற்றி அடித்து விரிப்பார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விடும். அதனால் நடுநடுவே தணலில் சிவக்கக் காய்ச்சி இளக வைத்து மீண்டும் அடிக்க வேண்டும். சில தட்டுகளின் பின்புறத்தில் நடுப்புள்ளி ஒன்று இன்னும் தெரியும். கவராயத்தின் ஒரு காலை ஊன்றி வட்டம் போட்ட தடம் அது.

அடுத்தது புடைப்பு வேலை. தட்டின் அடியில் கீல் போன்ற இளகிய பொருளை ஆதாரமாகக் கொடுத்து, பின்புறமிருந்து மழுங்கிய உளிகளால் தட்டித் தட்டி உருவங்களை முன்னே தள்ளுவார்கள். பிறகு தட்டைத் திருப்பி, முன்புறமிருந்து நுண்ணுளியால் கண், விரல், ஆடை மடிப்பு எல்லாவற்றையும் இறுக்கித் தீர்மானமாக்குவார்கள். ரிஹா தட்டில் திருத்தூதர்களின் ஆடை மடிப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் உடம்பின் வளைவோடு சேர்ந்து ஓடும். பின்பக்கத்து அடியும் முன்பக்கத்துக் கீறலும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பது அங்கே விளங்கும்.

பொன் முலாம் தட்டு முழுவதும் இருக்காது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும். பொன் வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நஞ்சு. எத்தனை கைவினைஞர்களின் உடம்பை அது கெடுத்ததோ, நாம் வியந்து பார்க்கும் பொன்னொளிக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

கருப்பாகத் தெரியும் எழுத்துகள் ‘நியெல்லோ’. வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கரிய பொருள் ஒன்று கிடைக்கும். எழுத்தை முதலில் பள்ளமாக வெட்டி, அதில் இந்தக் கருமையைப் பதித்து, சூடாக்கி அழுத்தி, மேற்பரப்பை மட்டமாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெறும் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த பழைய வகையை நீராக உருக்கி ஊற்ற முடியாது. இளகிய நிலையில் அழுத்தித்தான் நிரப்ப வேண்டும். பிற்காலத்தில் செம்பும் அதன் பின் ஈயமும் சேர்த்தபோதுதான் அது எளிதில் உருகி ஓடியது. 6ஆம் நூற்றாண்டுத் தட்டின் எழுத்துகளைப் படிக்கும்போது இந்த உழைப்பையும் நினைவில் வையுங்கள்.

திருவுருவங்களை வணங்கக் கூடாது என்று தடுத்த திருவுருவ எதிர்ப்புக் காலம் 843இல் முடிந்த பிறகு வேறொரு கலை உச்சத்துக்கு வந்தது. அது பொன்மேல் செய்த எனாமல். பொன் தகட்டில் உருவத்தின் அளவுக்கு ஒரு பள்ளம் தட்டி, அதற்குள் தாள்போல் மெல்லிய பொன் பட்டைகளை நிறுத்தி, வயலில் பாத்தி கட்டுவதுபோல் சிறு சிறு அறைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சுடுவார்கள். சுட்டதும் தூள் உருகித் தாழ்ந்துவிடும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும். எல்லா அறைகளும் விளிம்பு வரை நிறைந்த பிறகு சாணைபிடித்து மெருகேற்றுவார்கள். பொன் நெருப்பில் கறுக்காது. அதனால்தான் கண்ணாடியின் அடியிலிருந்து அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தின் ‘பாலா தோரோ’ என்ற பொற்பீடத் திரையிலும், இயேசுவின் சிலுவைத் துண்டு என்று போற்றப்பட்டதை வைக்கச் செய்த, ஜெர்மனியின் லிம்பர்க்கில் உள்ள சிலுவைப் பேழையிலும் இந்த வேலையின் சிகரத்தைப் பார்க்கலாம்.

வார்ப்பு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் சிறிய வெண்கலத் தூபக்கலசங்கள் வார்ப்பில் வந்தவை. வெள்ளி வாங்க முடியாதவர்களின் பக்தியும் இந்தக் கலையில் இடம்பெற்றது அவற்றால்தான்.

மூன்றாம் படி: அது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்

மறைபொருள் திறப்பது இந்தப் படியில்தான்.

மிக எளிய பொருளிலிருந்து தொடங்குவோம். அப்பத்தட்டின் மேல் வைக்கும் ‘விண்மீன் தாங்கி’ என்று ஒன்று உண்டு. வளைத்த இரண்டு உலோகப் பட்டைகளைக் குறுக்காகப் பிணைத்தது, அவ்வளவுதான். தட்டை மூடும் துணி அப்பத்தின் மேல் படாமல் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. அதை வைக்கும்போது குரு மத்தேயு நற்செய்தியின் வரியைச் சொல்கிறார்: விண்மீன் வந்து, குழந்தை இருந்த இடத்துக்கு மேல் நின்றது. அந்தக் கணத்தில் தட்டு பெத்லகேமின் தீவனத் தொட்டியாகிறது. அதே தட்டு இயேசுவை வைத்த கல்லறையாகவும் விளக்கப்படுகிறது. பிறப்பும் இறப்பும் ஒரே வெள்ளித் தட்டில்.

விசிறி இன்னும் அழகானது. பழைய திருச்சபை ஒழுங்கு நூல் ஒன்று, திருப்பீடத்தின் இருபுறமும் குருவுக்கு உதவும் இரண்டு திருத்தொண்டர்கள் மெல்லிய தோலாலோ மயிலிறகாலோ துணியாலோ ஆன விசிறியைப் பிடித்து, பறக்கும் சிற்றுயிர்கள் கிண்ணத்தை நெருங்காதபடி மெல்ல வீச வேண்டும் என்கிறது. காரணம் வெறும் ஈக்கள்தான், வேறு மறைவு எதுவும் இல்லை. ஆனால் அதே புதையலைச் சேர்ந்த, ரிஹா, ஸ்டூமா என்ற வட சிரிய ஊர்களின் பெயரால் அறியப்படும், 577ஐ ஒட்டிய வெள்ளி விசிறிகளைப் பாருங்கள். விளிம்பில் மயிலிறகுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பழைய விசிறியின் நினைவு அப்படியே வெள்ளிக்கு மாறியிருக்கிறது. நடுவில் கண்கள் நிறைந்த சிறகுகளோடு, இறைவாக்கினர் எசேக்கியேலின் காட்சியில் வரும் வானுலக உயிர்கள். இறைவனின் அரியணையைச் சுற்றிச் சிறகடிப்பவர்கள் அவர்கள். திருத்தொண்டர் விசிறியை அசைக்கும்போது அந்தச் சிறகுகள் உண்மையிலேயே அசைகின்றன. கண்ணாடிப் பெட்டியில் அசையாமல் நிற்கும் விசிறியில் பாதிப் பொருள்தான் நமக்குக் கிடைக்கிறது.

தூபக்கலசத்தை 8ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் மறைமுதல்வராக, அதாவது தலைமை ஆயராக இருந்த ஜெர்மானோஸ் விளக்கியிருக்கிறார். கலசம் கிறிஸ்துவின் மனிதத் தன்மை. உள்ளே இருக்கும் நெருப்பு அவரது இறைத் தன்மை. நறுமணப் புகை தூய ஆவியின் மணம். கலசத்தின் உட்குழிவு கன்னி மரியாளின் கருவறை. உலோகம் நெருப்பைத் தாங்கியும் அழியாமல் நிற்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரிந்திருக்கும். மேலே சொன்ன சிரிய வெண்கலக் கலசங்களைச் சுற்றி மரியாளுக்கு வந்த அறிவிப்பு, பிறப்பு, திருமுழுக்கு, சிலுவை, கல்லறைக்கு வந்த பெண்கள் என்று ஒரு வளையமாகக் காட்சிகள் ஓடும். உள்ளே நெருப்பு, வெளியே மனிதராக வந்தவரின் வாழ்க்கை. என் பார்வையில், ஜெர்மானோஸ் சொன்னதைக் கைவினைஞர்கள் வெண்கலத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

திருக்கிண்ணத்தில் தண்டின் நடுவே உள்ள குமிழைப் பாருங்கள். அது பிடிக்கு வந்தது. ஆரம்ப நூற்றாண்டுகளில் மக்கள் கிண்ணத்திலிருந்தே பருகினார்கள். அதனால் 6ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களின் வாய் அகலம். நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகப் பெறும் அப்பத்தையும் இரசத்தையும், கரண்டியால் கொடுப்பது பின்னால் வந்த வழக்கம். கரண்டி வந்ததும் அதற்கும் ஒரு பொருள் அமைந்தது: இறைவாக்கினர் எசாயாவின் உதட்டைத் தொட்ட நெருப்புத் தணலைப் பீடத்திலிருந்து வானதூதர் குறட்டால் எடுத்து வந்தாரே, அந்தக் குறடு இது. நற்கருணைக்குச் சற்று முன் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றும் பைசாந்திய வழக்கத்தையும் இதோடு சேர்த்து நினையுங்கள். பருகுவது வெதுவெதுப்பாக இருக்கும், உயிருள்ள இரத்தம்போல.

692இல் ஆயர்கள் கூடிய சங்கத்தின் 101ஆம் விதி எனக்கு மிகவும் பிடித்தது. நற்கருணையைப் பெறச் சிலர் கைக்குப் பதிலாகப் பொன் பாத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். சங்கம் அதைத் தடுத்தது. இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட மனிதக் கையைவிட உயிரற்ற பொருளை மேலாகக் கருதக் கூடாது என்றது. கைகளைச் சிலுவைபோல் குவித்து வாங்கச் சொன்னது. இவ்வளவு பொன்னையும் வெள்ளியையும் பீடத்தில் குவித்த அதே திருச்சபை சொன்னது இது.

கடைசியாக விளக்குகள். துளைகள் கொண்ட உலோக வட்டில் கண்ணாடிக் குவளைகளைச் செருகி, எண்ணெயும் திரியும் இட்டு, சங்கிலியில் தொங்கவிடுவார்கள். 1963இல் துருக்கியின் அந்தாலியாவுக்கு அருகில் கும்லுஜாவில் கிடைத்த சீயோன் புதையலில் இப்படிப்பட்ட வெள்ளி விளக்குத் தட்டுகள் பல உண்டு. ஊடுவெட்டு வேலைப்பாடுகளின் நிழல் கீழே நிற்பவர்களின் மேல் விழும். இந்தக் கலைக்கு உரிய வெளிச்சம் அதுதான். அருங்காட்சியகத்தில் மின்விளக்கு அசையாது. ஆகவே நீங்கள் அசையுங்கள். தலையை இடமும் வலமும் மெல்ல நகர்த்தினால் முலாம் பூசிய ஒளிவட்டம் மட்டும் எரிவதும் அணைவதும் தெரியும்.

நான்காம் படி: எழுத்தைப் படியுங்கள்

கிரேக்கம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். எழுத்துகள் இரண்டு வகையில் அடங்கும்.

ஒன்று வழிபாட்டின் சொற்கள். அதே புதையலின் ரிஹா கிண்ணத்தின் விளிம்பில், ‘உம்முடையவற்றிலிருந்து உமக்குரியதையே உமக்குக் காணிக்கையாக்குகிறோம், ஆண்டவரே’ என்று இருக்கிறது. வழிபாட்டில் குரு உரக்கச் சொல்லும் வாக்கியம் அது. அவர் குரலும் அவர் கையிலிருக்கும் வெள்ளியும் ஒரே நேரத்தில் அதைச் சொல்கின்றன.

மற்றது கொடுத்தவரின் மன்றாட்டு. ரிஹா அப்பத்தட்டின் விளிம்பைச் சுற்றி, யோவானின் மகள் செர்கியாவும் தியோதோசியஸும் இளைப்பாற்றி அடையவும், மேகாஸும் நோன்னூஸும் அவர்களின் பிள்ளைகளும் மீட்புப் பெறவும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இறந்த இருவர், உயிரோடிருந்த ஒரு குடும்பம். ஒவ்வொரு வழிபாட்டிலும் இந்தப் பெயர்கள் கிறிஸ்துவின் உடலாக மாறும் அப்பத்தைச் சுற்றி நின்றன. அதற்காகத்தான் அவ்வளவு வெள்ளி. சிலர் தங்கள் பெயரையே போடாமல் ‘கடவுள் பெயரறிந்தவர்கள்’ என்று மட்டும் எழுதச் சொன்னார்கள்.

பேரரசர்களும் இதே பாணியில்தான் பேசினார்கள். வெனிஸில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டு இரத்தினக்கல் கிண்ணம் ஒன்றில், ‘ஆண்டவரே, மெய்விசுவாசியான அரசன் ரோமனோஸுக்கு உதவும்’ என்று எனாமல் எழுத்து. கிண்ணத்தின் உடல் செம்பழுப்புக் கல். திராட்சை இரசமும் இரத்தமும் நினைவுக்கு வராமல் இருக்காது.

லிம்பர்க் பேழையின் எழுத்து இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. பசிலியோஸ் என்ற அரசவைப் பெருமகன் 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்யச் சொன்ன பேழை அது. சிலுவையில் தொங்கியவருக்கு அழகு இல்லை. ஆனாலும் இறக்கும்போதும் அவரே அழகில் தலையானவர். பாவத்தால் உருக்குலைந்த என் தோற்றத்தை அழகாக்கினார் என்ற கருத்தில் அந்தக் கவிதை செல்கிறது. பொன்னும் எனாமலும் எதற்கு என்ற கேள்விக்குப் பேழையே தரும் பதில் அது.

ஐந்தாம் படி: இப்போது படத்துக்கு வாருங்கள்

ரிஹா தட்டின் நடுவில் துணி விரித்த திருப்பீடம். அதற்குப் பின்னால் கிறிஸ்து இரண்டு முறை நிற்கிறார். ஒரு புறம் அப்பத்தைக் கொடுக்கிறார், மறுபுறம் கிண்ணத்தை. பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு திருத்தூதர்கள் குனிந்து வருகிறார்கள். கீழே கைகழுவும் கூசாவும் பிடிவைத்த கிண்ணியும்.

நற்செய்தியில் கடைசி இராவுணவு ஒரு பந்தி. இங்கே பந்தி இல்லை, சாய்ந்திருப்பவர் இல்லை. கைவினைஞர் காட்டியிருப்பது தன் காலத்து ஆலய வழிபாடு: பீடம், துணி, குரு நிற்கும் இடம், வரிசையில் வரும் மக்கள். கிறிஸ்துவே குருவின் இடத்தில் நிற்கிறார். தட்டில் படமாக இருக்கும் செயல்தான் தட்டை வைத்துக்கொண்டே நடக்கிறது. மேலே நான்கு படிகளைக் கடந்து வந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கொடியும் எல்லாப் பறவையும் மறைபொருள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘அந்தியோக்கியா கிண்ணம்’ இதற்குப் பாடம். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே அமர்ந்த உருவங்களைப் பார்த்துவிட்டு, இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணத்தை உள்ளே கொண்டது இது என்று 20ஆம் நூற்றாண்டில் பெரிய ஆரவாரம் எழுந்தது. இன்று அதை 6ஆம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தது என்கிறார்கள். விளக்காகவே இருந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வேலையைக் கேட்காமல் படத்தை மட்டும் படித்தால் வரும் வினை இது.

ஆறாம் படி: காயங்களையும் பாருங்கள்

6ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் தலைநகரில் கட்டிய பேராலயமான ஹாகியா சோபியாவின் திருப்பீடப் பகுதியில் மட்டும் 40,000 பவுண்டு வெள்ளி இருந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதினார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 13 டன். அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. 622இல் பாரசீகப் போருக்காகப் பேரரசர் ஹெராக்ளியஸ் தலைநகரின் ஆலய வெள்ளியை எடுத்து நாணயமாக அடித்தார். கைதிகளை மீட்க ஆலயப் பாத்திரங்களை விற்கலாம் என்று ஜஸ்டினியனின் சட்டமே அனுமதித்தது. உயிருக்காக உருகிய வெள்ளியை நினைத்து வருந்த எனக்கு மனம் வரவில்லை. 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியது வேறு கதை. ஹாகியா சோபியாவின் பீடத்தை உடைத்துப் பங்குபோட்டார்கள். கொள்ளையைச் சுமக்கக் கோவேறு கழுதைகளை ஆலயத்துக்குள்ளேயே ஓட்டி வந்தார்கள். லிம்பர்க் பேழை மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது அந்தச் சூறையாடலில்தான்.

ஆகவே பாத்திரத்தில் நசுங்கல், மடிப்பு, பிய்ந்த கைப்பிடி இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். சீயோன் புதையலின் பல பொருள்கள் நசுக்கி மடித்த நிலையில் கிடைத்தன. எனாமல் பட்டைகளின் ஓரத்தில் வெறும் கம்பியோ துளையோ தெரிந்தால், அங்கே முத்துச் சரம் இருந்திருக்கலாம்.

பழகிக்கொள்ள

ரிஹா தட்டுக்கு ஓர் இணை உண்டு. அதே புதையலின் ஸ்டூமா அப்பத்தட்டு, இன்று இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே காட்சி, ஏறக்குறைய அதே காலம், வேறு கை. இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகங்களையும் கைகளையும் மட்டும் ஒப்பிடுங்கள். ரிஹா தட்டைச் செய்தவர் அமைதியானவர், அளவறிந்தவர். ஸ்டூமாவைச் செய்தவரின் உளி முரடு, ஆனால் அவருடைய திருத்தூதர்களின் கண்களில் பதற்றம் தெரிகிறது. எனக்கு அந்த இரண்டாவது தட்டின் மேல்தான் பிரியம் அதிகம். அதற்குப் பிறகு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அத்தாரூதி புதையலுக்குப் போங்கள். அங்கே ஒரு கிண்ணத்தில் புனித ஸ்தேவான் திருத்தொண்டர் உடையில் நின்று தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அதே புதையலில் மூன்று தூபக்கலசங்களும் இருக்கின்றன. அவர் கையிலிருப்பது அவற்றில் எதைப் போல இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.